நடை பார்க்கிறவள்

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை நடக்கவிட்டுப் பார்ப்பது எங்கள் விருத்தாசலம் பக்கத்து வழக்கம். காபித் தட்டோடு வரச்சொல்லி, திரும்பிப் போகச்சொல்லி, கால் ஊனம் ஏதும் இல்லையே என்று என் அம்மா கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண் என்னை அளந்துகொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. கல்யாணம் முடிந்து ஆவடி குவார்ட்டர்ஸில் குடித்தனம் வைத்த அன்று, நாகவல்லி என் தோளில் கைவைத்துச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"இடது தோள் இறங்கியிருக்கு. பையை எப்பவும் அந்தப் பக்கமே மாட்டுவீங்களா?"

புது மாப்பிள்ளை எதிர்பார்க்கிற பேச்சா இது? ஆனாலும் அன்றைக்கே பையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். எண்பத்து நான்கில் மாற்றியது. அப்புறம் இரண்டு தோளுக்கும் முறைவைத்து மாட்ட வேண்டும் என்று திட்டு வாங்கினேன்.

நான் டேங்க் பேக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க். அவள் பிசியோதெரபி படித்தவள். பூந்தமல்லியில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் வேலை. அந்தப் படிப்பின் பேரே அப்போது எங்கள் பிளாக்கில் ஒருவர் வாயிலும் நுழையாது. "கரண்ட் வைக்கிற அம்மா" என்பார்கள், "உருவிவிடுற அம்மா" என்பார்கள். விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒருமுறை மேல்வீட்டுக்காரரிடம் "நர்ஸு மாதிரிதான் சார்" என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு மட்டும்தான் கிடைத்தது. குழம்பு இல்லை.

அவள் வேலையில் முக்கால்வாசி பார்ப்பதுதான். ஒருவன் எப்படி உட்காருகிறான், எப்படி எழுந்திருக்கிறான், எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறான், எதை ஒளிக்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்த்த பிறகுதான் கைவைப்பாள். இன்றைக்கு இடது முட்டியைக் காப்பாற்ற இப்படிச் சாய்ந்து நடக்கிறவன் நாளைக்கு வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவான் என்று முன்கூட்டியே சொல்லுவாள். பெரும்பாலும் அப்படியே வருவான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. "நடங்க" என்று சொன்னால் எவனும் தன் சொந்த நடையை நடக்க மாட்டான். ஆவடிப் பக்கம் பட்டாளமும் கேம்ப்பும் பார்த்து வளர்ந்த ஜனம். பேரைக் கூப்பிட்டதும் நெஞ்சை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து, பரேடு போவது போல நடந்துகாட்டுவார்கள். நடை பார்ப்பதை அவர்கள் பரீட்சை என்று நினைத்துக்கொண்டார்கள். பெயிலானால் கம்பெனியில் லைட் டியூட்டி போட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால் நாகவல்லி நடக்கவே சொல்ல மாட்டாள். "காத்து அடிக்குது, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திட்டு வாங்களேன்" என்பாள். போகும்போது பாதி தெரியும், வரும்போது மீதி தெரியும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அந்த ஜன்னல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூடித் திறந்தது என்று அதற்கே தெரியாது.

ஆஸ்பத்திரியோடு நின்றால் பரவாயில்லை. பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடையிலும் இதே வேலைதான். ஒருமுறை ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் யாரோ ஒருவன் நொண்டுவதை இவள் கண்கொட்டாமல் பார்க்க, அவன் பெண்சாதி சண்டைக்கே வந்துவிட்டாள்.

"இன்னாமே, எம் புருஷன் காலயே பாத்துகினு கீற?"

"அவருக்கு இடுப்புல வலி இருக்கணும்மா. எத்தனை நாளா இருக்கு?"

அந்தம்மா உடனே சுருதி மாறி, இவளை பெஞ்சில் உட்காரவைத்து முழுக் கதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எங்கள் ரயில் போய்விட்டது. நான் யாரிடம் போய் முறையிட?

இப்படிப்பட்டவளை ஏமாற்றியவன் ஒருவன் உண்டு. அவன் பேர் கலியமூர்த்தி.

நசரத்பேட்டைக்காரன். அப்பன் ஆத்தாள் எல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்டு, களையெடுத்துப் பிழைத்தவர்கள். நிலமெல்லாம் மனைக்கட்டாகிக் கல் நட்ட பிறகு, இவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான். தொண்ணூற்றொன்றில் கரையான்சாவடி முனையில் சைக்கிளோடு லாரியில் மோதி, வலது முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் பாதத்தை மேலே தூக்குகிற நரம்பு அடிபட்டுப்போனது. காலைத் தூக்கினால் பாதம் மடிந்து தொங்கும். பெருவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டே போகும். பாதத்தின் மேல்புறத்தில் கிள்ளினாலும் அவனுக்குத் தெரியாது.

அவன் அம்மா கெங்கம்மாள்தான் திட்டிக்கொண்டே கூட்டி வருவாள், திட்டிக்கொண்டே கூட்டிப் போவாள். நாகவல்லி அந்தக் காலோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பாதம் மேலே வர ஆரம்பித்தது. முதல் தடவை பெருவிரல் அசைந்த அன்று, என் ஆபீசுக்குப் போன் போட்டு, "வெரல் அசைஞ்சுது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். யார் விரல், என்ன விரல் என்று விளங்காமல் நான் மத்தியானம் வரை குழம்பினேன்.

கடைசியாக ஒரு நாள் அவன் ஜன்னலை நன்றாகச் சாத்திவிட்டு வந்தான். பாதம் தொங்கவில்லை. செருப்பைத் திருப்பிப் பார்த்தாள், தேய்மானம் இல்லை. நோயாளியின் ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்ப்பதும் அவள் வழக்கம்தான். அடி எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் பாரம் இறங்குகிறது. "நல்லா இருக்கு கலியமூர்த்தி, வேலைக்குப் போகலாம்" என்று அனுப்பிவைத்துவிட்டு வந்து, வீட்டில் பாயசம் வைத்தாள்.

பாயசம் வைத்த கொஞ்ச நாளில், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நானும் அவளும் நின்றிருந்தோம். கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஒருவன் ஓடினான். கலியமூர்த்திதான். அந்த ஓட்டத்தில் ஆஸ்பத்திரி நடை எதுவும் இல்லை. வலது பாதம் சடக் சடக்கென்று தாரில் இடித்தது. ஒரு செருப்பு கழன்று ரோட்டில் கிடந்தது. அது கழன்றதே அவனுக்குத் தெரியவில்லை. நாகவல்லி போட்ட சத்தத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு அவனே திரும்பி வந்தான். நான் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். அதன் மூக்கு அடியோடு தேய்ந்து விரல் வெளியே வருகிற மாதிரி இருந்தது.

"அன்னிக்குப் போட்டுட்டு வந்த செருப்பு எங்க?" என்றாள்.

"அது ஆஸ்பத்திரிக்கின்னே வாங்குன செருப்பு மேடம். உங்க முன்னாடி இத்தப் போட்டுகினு வந்தா மரியாதயா இருக்குமா?"

மரியாதை. அந்தப் பாழாய்ப்போன மரியாதைக்காக அவன் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறான், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தியிருக்கிறான். நாகவல்லிக்குக் கோபத்தில் மூக்கு சிவந்தது. அப்போதுதான் அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"காப்பு மேடம். காலு சரியானா தீ மிதிக்கிறேன்னு ஆத்தாவுக்கு வேண்டிகினேன். நீங்கதான் சரியாயிடுச்சினு சொல்ட்டீங்களே. இன்னிக்கிக் காலையில கட்டிகினேன். அடுத்த வாரம் நாயித்துக்கிழம எறங்குறோம். அண்ணாத்த, நீங்களும் வந்துடணும்."

வீட்டுக்கு வருகிற வழியில் அவள் பருத்திப்பட்டு தாண்டும்போது மெல்லச் சொன்னாள். நெருப்பில் நடக்கிறவன் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்து ஓடினால் தப்பித்துவிடுவான். விரலை இழுத்துக்கொண்டு போனால், தணல் பாதத்தின் மேலே ஏறி விரலிடுக்கில் மாட்டிக்கொள்ளும். மற்றவனாக இருந்தால் சுட்டதும் உதறுவான். இவனுக்கு அங்கே உணர்ச்சியே இல்லை. கறி தீய்ந்தால்கூடத் தெரியாது.

"போகாதேன்னு சொல்லிடேன்" என்றேன்.

"கட்டின காப்பை அவுக்கச் சொல்லவா? அவங்க அம்மாவுக்கு இந்தக் கால் சரியானதுல நான் பாதி, ஆத்தா பாதி. ஒரு பாதியை நான் பிடுங்கினா, என் பாதியையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டான்."

சாமி நம்பிக்கை அவளுக்குக் கம்மி. பண்டிகைக்கு விளக்கேற்றுவதோடு சரி. ஆனால் அடுத்தவர் நம்பிக்கையில் கைவைக்க மாட்டாள்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு நசரத்பேட்டைக்குக் கிளம்பினாள். என்னையும் லீவு போடவைத்தாள். போகிற வழியில் ரைஸ் மில்லில் நிறுத்தி உமி மூட்டை ஒன்றை என் தலையில் ஏற்றினாள். கெங்கம்மாள் வீட்டுக்குப் பின்னால் மனைக்கல் நட்ட காலி நிலம். அங்கே உமியைத் தீக்குழி நீளத்துக்குப் பரப்பி, "நட" என்றாள்.

முதலில் நன்றாகத்தான் நடந்தான். இடது கால் வைத்த இடத்திலும் வலது கால் வைத்த இடத்திலும் ஒரே மாதிரி பள்ளம். கெங்கம்மாள் பெருமையாகப் பார்த்தாள். "இப்ப பெங்களூர் ரோடு வரைக்கும் போய்ட்டு வா" என்று அவனை அனுப்பினாள் நாகவல்லி. திரும்பி வந்ததும் மறுபடி உமியில் நடந்தான். இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் ஏர் ஓட்டினது போல நீளக் கோடு.

"பாத்தியா? களைப்பு வந்ததும் கால் இறங்கிடுது. தீமிதி அன்னிக்கு ஊரைச் சுத்தி வருவீங்களா?"

"மத்தியானம் கெளம்புனா சாங்காலம் வரைக்கும் சுத்துவோம் மேடம். பட்டினியோட."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். முட்டியைத் தூக்கி நட, குதிகாலை முதலில் வை, என்று ஆஸ்பத்திரிப் பயிற்சியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். நினைப்பு இருக்கிற வரை செய்தான். நினைப்பு தப்பியதும் கோடு விழுந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது கெங்கம்மாளின் ஆடு ஒன்று பக்கத்தில் தேங்கியிருந்த சேற்றுக்கு அந்தப்பக்கம் போய்விட, கெங்கம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நாகவல்லியின் கண் அந்தக் காலிலேயே நின்றது. ஒவ்வொரு அடியையும் சேற்றிலிருந்து நேராக உருவி, தூக்கி, தட்டையாக வைத்துப் போனாள் கெங்கம்மாள்.

"கலியமூர்த்தி, நீயும் நாத்து நட்டிருக்கியா?"

"சின்னதுல அம்மாகூட நட்டுகீறேன் மேடம்."

"போய் ஆட்டைப் பிடிச்சிட்டு வா."

அவனும் இறங்கினான். சேறு இழுக்க இழுக்க, முட்டி தானாக மேலே வந்தது, பாதமும் கூடவே வந்தது. அங்கே அவன் யோசிக்கவே இல்லை. நாகவல்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் அவன் முதலில் சேற்றில் நடந்தான், அந்தக் கால்பழக்கம் மாறுமுன் உமியில் நடந்தான். களைப்பாக்கிவிட்டு நடக்கவைத்தாள். கோடு சின்னதாகிக்கொண்டே வந்தது. அடியோடு போகத்தான் இல்லை.

தீமிதிக்கு முந்தின நாள் அவனிடம் ஒரு வாக்கு வாங்கினாள். குழி மேட்டுக்கு வந்ததும் தன்னைப் பார்க்க வேண்டும், தான் தலையாட்டினால்தான் இறங்க வேண்டும். காப்பின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்கிற கதையா இருக்கே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அங்கே நின்றிருந்த கோயில் தர்மகர்த்தா உலகநாதனும் சிரிக்கவில்லை.

"ஆத்தாவுக்கு மேல நீ இன்னாமா சர்ட்டிபிகேட்டு?" என்றார்.

"ஆத்தா அவனைப் பாத்துக்கட்டும் ஐயா. நான் கால மட்டும் பாத்துக்கறேன்."

என்ன நினைத்தாரோ, மனுஷன் சரியென்றுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பம்பை முழங்கக் கரகம் கிளம்பியது. மஞ்சள் வேட்டி கட்டினவர்கள் பின்னால் போனார்கள். கலியமூர்த்திக்குப் பின்னாலேயே நாகவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். முன்னால் நின்றால் பரீட்சை நடை நடந்துவிடுவான் என்று பின்னால் போனாள். தார் ரோடு கொதித்தது. காலையிலிருந்து அவளும் சாப்பிடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டால், மறந்துவிட்டேன் என்றாள். நான் நம்பவில்லை.

பொழுது சாய ஊர்வலம் குழிக்கு வந்தது. தணல் சிவந்து கிடந்தது. அந்தப் பக்கக் கடைசியில் கால் நனைக்கிற பால்குழி. கரகம் முதலில் இறங்கிப் போனது. ஒவ்வொருவராகப் பின்னால் ஓடினார்கள். கலியமூர்த்தியின் முறை வந்தது. திரும்பி நாகவல்லியைப் பார்த்தான். கடைசித் தெருவில் அவன் விரல் மண்ணைச் சுரண்டியதை அவள் பார்த்திருந்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம்.

அவன் முகம் செத்துவிட்டது. நகர்ந்து நின்று, பின்னால் இருந்தவனுக்கு வழிவிட்டான். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு கெங்கம்மாள் வந்தாள்.

"இன்னாம்மா பண்ற நீ? காப்பு கட்னவன் எறங்காம நின்னா ஆத்தா சும்மா வுடுவாளா? எங்குடி வெளங்குமா?"

"எறங்கட்டும்மா. இப்ப வேணாம். ஒரு நிமிஷம் உக்காந்து கால் அசதி தீந்ததும் எறங்கட்டும்."

"உக்காரவா?" என்றார் உலகநாதன். "காப்பு கட்டுனவன் குழி தாண்டாம குந்தக் கூடாதும்மா. குந்திட்டா வேண்டுதலு போச்சு."

இது அவளுக்குத் தெரியாது. உமி தெரியும், சேறு தெரியும், நரம்பு தெரியும், இது தெரியாது. அவள் திகைத்து நின்றதை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. கலியமூர்த்தியின் முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றேன்.

"என் மேல சாஞ்சுக்கடா. நின்னுக்கிட்டுத்தானே இருக்கே. இதுக்கு எந்த ஆத்தா கோவிச்சுக்குவா?"

அவன் என் இரண்டு தோளிலும் முழுப் பாரத்தையும் இறக்கினான். வலது காலைத் தொங்கவிட்டான். நாகவல்லி மண்ணில் முட்டி போட்டு, அந்தக் கெண்டைக்காலை உருவ ஆரம்பித்தாள். பாதத்தைத் தூக்கி நிறுத்தினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். பம்பைக்காரன் விடாமல் அடித்தான். இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். உலகநாதன் மட்டும் கையைத் தூக்கி, "அடி, இன்னும் ஒருத்தன் கீறான்" என்று பம்பை நிற்காமல் பார்த்துக்கொண்டார். பெரிய மனுஷன்தான்.

நாகவல்லி எழுந்தாள். "சேத்துல உங்கம்மா பின்னாடி போற. அவ்வளவுதான்" என்றாள். தலையை ஆட்டினாள்.

அவன் இறங்கினான். ஊரே அவன் முகத்தைப் பார்த்தது. அவன் முகம் எப்படி இருந்தது என்று இவளைக் கேட்டால் தெரியாது. குழியோரமாகவே அவன் காலைப் பார்த்துக்கொண்டு ஓடினாள். முட்டி மேலே வந்தது. பாதம் வந்தது. தூக்கி, தட்டையாக வைத்து, தூக்கி, தட்டையாக வைத்து, பால்குழியில் போய் விழுந்தான்.

தீ மிதித்து ஏறினவர்களின் காலில் ஜனங்கள் விழுவது அங்கே வழக்கம். அந்த நேரத்தில் அவர்கள் மேல் ஆத்தா இருக்கிறாள். நாகவல்லி போய், பாலும் மண்ணும் கலந்த சேற்றில் அவன் காலடியில் குனிந்ததும், கெங்கம்மாள் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

"நீ வுழக்கூடாதும்மா. அவன் உங்காலுல வுழணும்."

"விழலம்மா. பாக்கறேன்."

வலது பாதத்தை மடியில் எடுத்துவைத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, இடுக்கு இடுக்காகப் பார்த்தாள். ஒரு கொப்புளம் இல்லை. ஒரு கறுப்பு இல்லை. அவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"காலு தூக்குனேனா மேடம்?"

நாகவல்லி அந்தப் பாதத்தின் மேலேயே முகத்தை வைத்து அழுதாள். அது அவனுக்குத் தெரிந்திருக்காது. அந்த இடத்தில்தான் அவனுக்கு உணர்ச்சி இல்லையே.